வளையல்காரம்மாவின் கேள்விகள்

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வளையல் கடையைத் தாண்டிப் போவது எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிப் பெண்கள் யாருக்கும் பிடிக்காது. காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்து பிரியும். சந்தின் முனையில் கடை. கொஞ்ச தூரத்தில் நகர்ப்புறச் சுகாதார நிலையம். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடப்பது செவ்வாய்க்கிழமைகளில். அன்றைக்கு மட்டும் வளையல்காரம்மா கல்லாவில் உட்கார மாட்டார். படியில் நின்றுகொண்டிருப்பார். வயிறு தெரிகிற பெண் யாராவது மார்க்கெட் பக்கம் திரும்பினால் போதும், குரல் வந்துவிடும்.

"அம்மாடி, ஆஸ்பத்திரி அந்தாண்ட இருக்குது."

சிலர் சிரித்துக்கொண்டே திரும்பி நடப்பார்கள். சிலர் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு வேகமாகப் போய்விடுவார்கள். ஒரு பெண் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் கையில் சத்து மாத்திரை அட்டையையும் பார்த்துவிட்டு, டீ கிளாசை வாங்கித் தரையில் ஊற்றினார் என்று சொல்வார்கள். டீயோடு சேர்த்துப் போட்டால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது என்று நர்சு சொல்லியிருந்தாராம். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒருத்தி தன் டீயைப் பிடுங்கிக் கொட்டினாள் என்பதுதான். அவள் அழுதுகொண்டே போனாள்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது என் ஓரகத்தியின் வளைகாப்பில். மாகறலிலிருந்து கல்யாணமாகி பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் வீடு பட்டு நெய்கிற வீடு. முன்கட்டில் மாமனாரின் தறி. அன்றைக்குத் தறியை நிறுத்தி, மேலே ஒரு வேட்டியைப் போட்டு மூடி, பக்கத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். என் கணவரின் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், தலை நிறையப் பூ. வளையல்காரம்மா எதிரே தரையில் உட்கார்ந்தார். உயரமான, ஒல்லியான உடம்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. தன் கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் போட்டிருந்தார்.

வளையல் போடுகிறவர்கள் விரல்களைச் சேர்த்துக் குவித்து, எலும்பு எங்கே மடங்குமோ அங்கே அழுத்தி, ஒரே தள்ளில் ஏற்றிவிடுவார்கள். அவரும் அப்படித்தான் செய்தார். ஆனால் ஒரு கை முடிந்த பிறகு அந்தக் கையை விடவில்லை. திருப்பிப் பார்த்தார். நகத்தை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"மாத்திரை போடுறியாம்மா?"

அண்ணி ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்தாள்.

"நகம் வெள்ளையா இருக்குது. கீழ் ரெப்பையக் காட்டு. ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்களா? எவ்ளோன்னு சொன்னாங்க?"

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது, அதனால் மாத்திரையை எல்லாம் தினமும் குழாயடியில் போட்டுவிடுகிறேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள்.

என் மாமியார் நல்ல மனுஷி. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் சுப காரியத்தில் ஒரு கெட்ட வார்த்தை விழுந்துவிடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருப்பார். இட்லி தீர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லமாட்டார், நிறைந்துவிட்டது என்பார். அவருடைய முகம் அன்றைக்குச் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"நல்ல நேரத்துல ரத்தம் கித்தம்னு இன்னாமா பேச்சு? வளையலப் போடு."

"போட்டுக்கினுதான்மா இருக்கேன். கேக்குறேன், அவ்ளோதான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணியைக் கடை வாசலிலேயே பிடித்து, தானே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். ரத்தம் மிகவும் குறைவாக இருந்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளாததால் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். பிரசவம் நல்லபடியாக நடந்தது. மாமியார் அதற்காக வளையல்காரம்மாவைப் புகழவில்லை. "அந்தம்மா சொல்லலைன்னாலும் நர்சம்மா கண்டுபுடிச்சிருப்பாங்க" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். வளையல்காரம்மாவும் அதையேதான் சொல்வார்.

"எனக்கு இன்னா தெரியும்? பத்தாவதே தாண்டல. சிஸ்டராண்ட போய்க் கேளுன்னு சொல்றேன், அவ்ளோதான் என் வேல."

அந்த சிஸ்டருக்கும் அவர்மேல் வருத்தம் உண்டு. பெண்களைப் பயமுறுத்தாதீர்கள், பயத்தில் சிலர் வராமலே போய்விடுகிறார்கள் என்று அவர் ஒருமுறை கண்டித்தது எனக்குத் தெரியும். ஏனென்றால் அப்போது நானும் கர்ப்பமாகி, பரிசோதனை வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வளையல்காரம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், "கால் ஏன் இப்படி இருக்குது?" என்றார்.

அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்பதற்கு ஊரில் பல கதைகள். அவருடைய தங்கை பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்றார்கள். இல்லை, அவருக்கே முதல் குழந்தை வயிற்றில் இறந்துவிட்டது என்றார்கள். ஓரிக்கைப் பக்கம் ஒரு பெண்ணுக்கு அவர் வளையல் போட்டுவிட்டு வந்த மறுவாரம் அவள் ஜன்னி கண்டு இறந்துவிட்டாள், அந்தப் பாவம் பிடித்து ஆட்டுகிறது என்று என் கூட வேலை செய்த ஒருத்தி சொன்னாள். நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை செய்தேன். வாடிக்கையாளர்களுக்குச் சேலையை விரித்துக் காட்டுவது என் வேலை. சேலை விரிக்கிற இடத்தில் ஊர்க் கதை எல்லாம் விரியும்.

எனக்கு மூன்றாவது மாதம் நடக்கும்போது ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் வளையல் கொத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தங்கச்சி ஆரணியில நல்லா இருக்குறா. எனக்கு ரெண்டு புள்ள, ரெண்டும் சொகப் பிரசவம். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் சாவல. ஆளாளுக்கு ஒரு சாவு கட்டிவுடுறாங்க." துணியை உதறினார். "கையப் புடிக்கிற தொழிலு. புடிச்ச கை சூடா இருக்குதா, வீங்கி இருக்குதான்னு தெரியாமலா போவும்? தெரிஞ்சுக்கினு வாய மூடிக்கினு இருக்குறதுக்குத்தான் காரணம் வேணும்."

அவருடைய வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தால் மட்டும் அது வெளியே வரும். அன்றைக்கு, "தேவுடா, ஏன்தான் இப்படிப் பேசறாங்களோ" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

நான் ஐந்தாவது மாதத்தில் இருந்தபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. பெரிய பட்டு வியாபாரி வீட்டில் வளைகாப்பு. மண்டபம் பிடித்திருந்தார்கள். வளையல்காரம்மா பெண்ணின் கையைப் பிடித்ததும் நிறுத்திவிட்டார். கை வீங்கியிருக்கிறது, முகமும் ஊதியிருக்கிறது, இப்போதே காட்டவேண்டும் என்றார். பெண்ணின் அம்மா பயந்துபோய் அழ ஆரம்பித்தார். காரில் ஏற்றிக்கொண்டு தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். சம்பந்தி வீட்டார் இலை போடுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். மருத்துவமனையில் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சிறுநீரிலும் கோளாறு இல்லை. புழுக்கத்தில் நெடுநேரம் கனமான சேலையோடு நின்றதில் உடம்பு கொஞ்சம் நீர்கோத்திருந்தது, அவ்வளவுதான்.

வியாபாரியின் தம்பி மறுநாள் கடைக்கே வந்து கத்தினார். தெருவே நின்று கேட்டது. வளையல்காரம்மா பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஒண்ணும் இல்லன்னா நல்ல சேதிதானேப்பா."

அது வியாபாரியின் தம்பிக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அடுக்கி வைத்திருந்த வளையல் பெட்டி ஒன்றை இழுத்துத் தள்ளிவிட்டுப் போனார். கண்ணாடி சந்து முழுக்கச் சிதறியது. வளையல்காரம்மாவும் அவருடைய மகளும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்ததை வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன். உதவி செய்யக் குனிந்தேன். "வயித்தோட குனியாத, போ" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை வளைகாப்புக்குக் கூப்பிடுவது குறைந்தது. வளையலை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள், வீட்டுப் பெண்களே போட்டுவிடுவார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயது. கடையைப் பெரும்பாலும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். இனிமேல் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது, இன்னொரு முறை இப்படி நடந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று. செவ்வாய்க்கிழமைகளில் வளையல்காரம்மா கல்லாவிலேயே உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கம் போகும்போது என்னைப் பார்ப்பார். என் காலைப் பார்ப்பார். பிறகு தலையைத் திருப்பிக்கொள்வார்.

அந்த மௌனம் எனக்கு நிம்மதியாக இல்லை. அவர் கேட்டால் எரிச்சலாக இருக்கும், கேட்காமல் இருந்தால் பயமாக இருந்தது.

ஏழாவது மாதத்தில் எனக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய பரிசோதனையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அடுத்த செவ்வாய் கட்டாயம் வரவேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்தச் செவ்வாயில் சேலை எடுக்கவும் பத்திரிகை வைக்கவும் போகவேண்டியிருந்தது. "வளைகாப்பு முடிஞ்ச கையோட போயிட்டு வந்துடலாம்" என்றார் மாமியார். கால் வீக்கம் கடையில் நின்று வேலை செய்வதால் என்று எல்லோரும் சொன்னோம். மாலையில் காலை உயர்த்தி வைத்தால் முன்பெல்லாம் வடிந்துவிடும். இப்போது வடியவில்லை.

விசேஷத்தன்று விடியும்போதே தலை வலித்தது. பின்மண்டையில் யாரோ விரலை வைத்து அழுத்துவதைப் போல. தலைக்குக் குளித்ததால் இருக்கும் என்று நினைத்தேன். ஜடை வைத்துப் பூத் தைத்தார்கள். அதன் கனத்தால் இருக்கும் என்று நினைத்தேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்கம் ஒரு வலி பிடித்தது. காலையில் சாப்பிட்ட பொங்கல் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அண்ணிக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்து ஏதோ தோன்றியிருக்கவேண்டும். "தூங்கலையா? முகம் உப்புனாப்புல இருக்குது" என்றாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

மாமியார் வளையல்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தார். அவருடைய வளையல் நிறம் மங்காது, கை கீறாது என்பதற்காக. ஆனால் கடைக்குப் போய் நேராகவே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வளையல் மட்டும் போதும்மா. வேற பேச்சு வேணாம்."

சொன்னபடியே அவர் வந்தார். மகளும் கூட வந்தாள். மகள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். என்ன அளவு என்று முன்னாடியே என் பழைய வளையல் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தோம். வேப்பிலைக் காப்பைப் போட்டுவிட்டு, முதல் சிவப்பு வளையலை எடுத்து என் இடது கையைக் குவித்தார். வளையல் எலும்புக்கு முன்பே நின்றுவிட்டது. அழுத்தினார். போகவில்லை. மகள் அடுத்த அளவை எடுத்துக் கொடுத்தாள். அது சிரமப்பட்டு ஏறியது. ஏறிய இடத்தில் தோல் பிதுங்கி நின்றது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. என் கண்ணுக்குள் எதையோ தேடுவதைப் போலப் பார்த்தார். மகள் தாழ்ந்த குரலில், "அம்மா" என்றாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த வளையலை எடுத்தார். பச்சை. பிறகு சிவப்பு. சுற்றிலும் பெண்கள் பாடினார்கள். அவருடைய கட்டைவிரல் என் புறங்கையில் ஒரு இடத்தில் அழுத்தி எடுத்தது. அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது. அதை அவர் பார்த்தார். நான் பார்த்தேன். அவர் மகள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வளையலை ஏற்றினார்.

இடது கை முடிந்தது. வலது கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அப்போது மூடியிருந்த தறியின் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி பறப்பதைப் போலத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தேன். ஜரிகை நூலில் வெயில் பட்டதைப் போல மின்னி மின்னி மறைந்தது. எதிரில் இருந்த மாமியாரின் முகத்தில் பாதி தெரியவில்லை.

"எனக்குக் கண்ணுல ஏதோ மின்னுது" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

வளையல்காரம்மா கையிலிருந்த வளையலைப் பெட்டியில் போட்டார்.

"தலை வலிக்குதா?"

"காலையிலருந்து."

"மேல் வயிறு?"

"வலிக்குது."

அவர் மாமியார் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் வாயத் தொறக்கலம்மா. அதுவாத்தான் சொல்லுது. இப்பவே கெளம்பணும்."

மகள் எழுந்துவிட்டாள். "அம்மா, வேணாம்மா. அன்னிக்கும் இப்படித்தான்."

"அன்னிக்கு மாதிரி ஒண்ணும் இல்லாம போச்சுன்னா கடையச் சாத்திடு. நானே பூட்டறேன்."

என் மாமியார் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேர்த்திருந்தது. "ஒரு கை வெறுங்கையா இருக்குது. பாதியில எழுந்திருக்கக் கூடாதும்மா. அந்தக் கையும் போட்டுட்டு, ஒரு வாய் சாதம் போட்டு..." என்று ஆரம்பித்தார். அவர் குரலில் பிடிவாதம் இல்லை. பயம்தான் இருந்தது. பாதியில் எழுந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், எழாவிட்டால் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

வளையல்காரம்மா வாக்குவாதம் செய்யவில்லை. தன் கையிலிருந்து இரண்டு வளையல்களைக் கழற்றினார். அவர் கை பெரிய கை. அந்த இரண்டும் என் வீங்கிய வலது கையில் தடையில்லாமல் ஏறின.

"ரெண்டு கையும் ஆச்சு. வளைகாப்பு முடிஞ்சுதும்மா. ஆரத்தி எடுங்க, கெளம்பலாம்."

மாமியார் ஆரத்தி எடுத்தார். அவசரத்தில் ஆரத்தித் தண்ணீர் என் சேலையில் சிந்தியது. அதற்குள் என் கணவர் வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தார்.

அன்றைக்கு முகூர்த்த நாள். ராஜ வீதியில் வண்டிகள் நகரவில்லை. வெளியூர் பஸ் ஒன்று குறுக்கே நின்றுகொண்டிருந்தது. என் கணவர் இறங்கி ஓடினார், வழி கேட்டு ஒவ்வொரு வண்டியின் மேலும் தட்டினார். ஆட்டோவுக்குள் ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் வளையல்காரம்மா. நடுவில் நான். ஹாரன் சத்தம் ஒவ்வொன்றும் தலைக்குள் இறங்கியது. வெளிச்சம் தாங்கவில்லை. வளையல்காரம்மா தன் முந்தானையால் என் கண்ணை மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பேசிக்கினே இரு. உங்க ஊரு எது?"

"மாகறல்."

"ஊருல யாரு யாரு இருக்காங்க?"

சொன்னேன். அப்பா, அம்மா, தம்பி. ஒவ்வொருவர் பெயரும் கேட்டார். தம்பி என்ன படிக்கிறான் என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. "சொல்லு. இன்னா படிக்கிறான்?" அந்தக் குரலில் அதட்டல் இருந்தது. மாமியார் தன் தாலியைப் பிடித்துக்கொண்டு காமாட்சியை அழைத்துக்கொண்டிருந்தார். வளையல்காரம்மா சாமி பெயரைச் சொல்லவில்லை. தம்பி டிப்ளமோ படிக்கிறான் என்று நான் சொல்லும்வரை அவர் விடவில்லை.

மருத்துவமனையில் கேள்வி எதுவும் கேட்காமல் படுக்கவைத்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்த நர்சு, மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிட ஓடினார். மருத்துவர் என் வயதுப் பெண். சிறுநீரில் புரதம் மிக அதிகமாகப் போகிறது, எந்த நிமிடமும் வலிப்பு வரலாம், அதைத் தடுக்க ஊசி போடுகிறோம் என்று தெளிவாகச் சொன்னார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"வளையலெல்லாம் எடுத்துடுங்க. வீக்கம் இன்னும் ஏறும். ஊசிக்கும் இடம் வேணும்."

"கழட்டக் கூடாதும்மா. புள்ள பொறந்தப்புறம்தான் கழட்டணும்" என்றார் மாமியார்.

"அவங்க உயிரோட இருக்கணும்மா மொதல்ல" என்றார் மருத்துவர். கடுமையாகச் சொல்லவில்லை. நேரமில்லாத குரலில் சொன்னார்.

நர்சு கத்திரி மாதிரி ஏதோ ஒன்றை எடுத்தார். கட்டிலில் கிடக்கும் கர்ப்பிணியின் கையில் வளையலை உடைப்பதென்றால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு என்ன அர்த்தமென்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வளையலை உடைப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போட்டது. நான் எடுக்கிறேன் சிஸ்டர். சோப்பு மட்டும் குடுங்க."

வளையல்காரம்மா என் விரல்களை மேலே தூக்கிப் பிடித்தார். சோப்பு நுரையை மணிக்கட்டில் தடவினார். வலது கையில் இருந்த அவருடைய இரண்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. இடது கையில் ஒவ்வொன்றாக, சதையை உள்ளே தள்ளித் தள்ளி, எலும்பை மடக்கி எடுத்தார். ஒவ்வொன்றும் வரும்போது எனக்கு உயிர் போனது. எடுத்த வளையலை மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் அதை மடியில் கட்டிக்கொண்டார். நர்சு வலது கையில் ஊசியை ஏற்றிவிட்டார். கடைசி ஒன்று மட்டும் வரவில்லை. அதுதான் முதலில் போட்ட சிவப்பு. தோலுக்குள் புதைந்திருந்தது.

அவர் இன்னொரு முறை முயன்றார். பிறகு நிறுத்தினார். மாமியாரைப் பார்த்தார்.

"இது ஒண்ணு மட்டும் ஒடையணும்மா. எங்கையால ஒடைக்கிறேன். பாவம் இருந்தா எனக்கு வரட்டும், எம்புருஷனுக்கு வரட்டும். உங்க வீட்டுக்கு வராது."

அப்படி ஒரு வார்த்தையை எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அவருடைய கணவர் அப்போது உயிரோடு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் மதியச் சாப்பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு தலையசைத்தார். வளையல்காரம்மா முந்தானையை வளையலுக்கு அடியில் நுழைத்து, இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார். சின்னச் சத்தம்தான் வந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் விரலில் ரத்தம் வந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு விட்டுவிட்டுத்தான் நினைவிருக்கிறது. வலிப்பு வரவில்லை. மருந்து கொடுத்துச் சில நாட்கள் தள்ளிப் பார்த்தார்கள். அதற்கு மேல் காத்திருந்தால் எனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து என்று அறுவைசிகிச்சை செய்தார்கள். பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கிவிடுகிற அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிறகு என் மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வாரக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்கிறாள்.

ஊர் இதை எப்படிப் பேசியது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாவது வளைகாப்பையும் கெடுத்தவள் என்றுதான் கொஞ்ச காலம் பேசினார்கள். கர்ப்பிணி கையில் வளையலை உடைத்தாளாம் என்பது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஏன் உடைத்தாள் என்பது பாதி இடத்துக்குத்தான் போனது. மாமியார் தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய் நடந்ததைச் சொன்னார். சிலர் மறுபடியும் வளையல்காரம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சிலர் கடைசிவரை கூப்பிடவில்லை. மகள் கடையைச் சாத்தவில்லை. மறுபடி அம்மாவோடு வளைகாப்புகளுக்குப் போனாள். வாயை மூடு என்று சொல்லவும் இல்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். மகளுக்கு ஓசூரில் கல்யாணமான பிறகு வளையல்காரம்மாவும் கணவரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்தில் வளையல்காரம்மா வந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அன்றைக்குப் பகல் முழுவதும் உறவுக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். குழந்தையைப் பார்த்தார்கள், எடை கேட்டார்கள், யார் சாயல் என்று பேசினார்கள். மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என்னை யாரும் அதிகம் கேட்கவில்லை. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அவர் வெறுங்கையோடு வந்தார். விரலில் காயம் ஆறியிருந்தது. மாமியார் பரபரவென்று எழுந்து பாய் போட்டார். இத்தனை நாள் அவரிடம் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேச நினைத்தவரைப் போல நின்றார். கடைசியில் குழந்தையைத் துணியோடு தூக்கி அவரிடம் நீட்டினார்.

"வாங்கிக்கமா. நீ பாக்கணும் மொதல்ல."

அவர் கையை நீட்டவில்லை.

"இருங்கம்மா. புள்ளையப் பாக்க ஊரே வருது. நான் இதப் பாக்க வந்தேன்."

என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டியா?"

"இல்லக்கா. டாக்டர் இன்னும் போடச் சொல்லியிருக்காங்க."

"புள்ள பொறந்துட்டா எல்லாம் போச்சுன்னு சொல்லுவாங்க. அப்படி இல்லயாம். சிஸ்டராண்ட கேட்டுக்கினுதான் வந்தேன். பொறந்தப்புறமும் வருமாம். என்னிக்குப் போய்ப் பாக்கணும்?"

"வர்ற செவ்வாக்கெழமை."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"கண்ணு?"

"நல்லாத் தெரியுது."

"ராவுல தூங்குறியா? நெசத்தச் சொல்லு."

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. அவர் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். மாமியார் குழந்தையோடு நின்றபடியே இருந்தார்.

"இனிமே ராவுல புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார் மாமியார். "பால் குடுக்க மட்டும் எழுப்பறேன். நீ தூங்கு."

வளையல்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான் இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.